மழைத்துளியும் ஈர்க்குச்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுவிட்டு, "இதற்கு வலிக்குமா அப்பா?" என்று கேட்டாள் என் மகள். வலிக்கும் என்றேன். "புல்லும் மரனும் ஓரறி வினவே" என்று தொல்காப்பியர் அன்றே சொன்னதைத்தானே ஜகதீஷ் சந்திர போஸ் கருவி வைத்து நிறுவினார்? நான் சொன்னது சரிதானே?

க.

அன்புள்ள க.,

சரியில்லை. அந்த இலைக்காம்பின் அடியில் ஒரு புடைப்பு உண்டு. தொட்டதும் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியமும் அதைத் தொடர்ந்து நீரும் வெளியேற, அந்தப் பக்கம் விறைப்பிழந்து காம்பு சாய்கிறது. வலியை உணர அங்கே மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. தொல்காப்பியர் சொன்னது தொடு உணர்வை, துயரத்தை அல்ல. போஸ் அளந்தது தாவரத்தின் மின் துலங்கலை. அவரை அதோடு விட்டுவிடுங்கள். குழந்தை செடியைத் தொட்டுப் பார்த்துக் கேட்டிருக்கிறாள், நீங்களோ செடியைப் பார்க்காமலே நூற்பாவைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் பீர்க்கம்பந்தல் இருந்தது. "துழாவுது பாரு, பிடிக்க ஏதாவது குடு" என்று பாட்டி என் கையில் ஈர்க்குச்சியைத் தருவாள். பற்றுச்சுருளின், அதாவது கொடி பிடித்து ஏற நீட்டும் மெல்லிய இழையின், நுனி காற்றில்லாதபோதும் மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஈர்க்கால் லேசாக வருடினால், எதிர்ப்பக்கம் வேகமாக வளர்வதால், சில நிமிடங்களில் தொட்ட பக்கமாக வளையும். பற்றிய பின் அது சுருள்வில்லைப் போலச் சுருளும். இரு முனைகளும் கட்டுண்டு கிடப்பதால் பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் முறுக்கிக்கொள்ள, நடுவே நேரான சிறு துண்டு எஞ்சும். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேயின் சிறு கட்டுரையையும் அவர் அனுப்பிய விதைகளையும் கொண்டு இதில் இறங்கிய டார்வின், 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி விரிவாக எழுதினார். புயற்காற்றில் வெளியே போய், வேலியில் படர்ந்த பீர்க்கின் இனத்துக் கொடி ஒன்று இரு நங்கூரமிட்ட கப்பலைப் போலத் தாக்குப்பிடித்ததைப் பார்த்து வந்தவர் அவர்.

நான் சொல்ல வந்தது வேறு. குச்சிக்கு வளையும் இதே வகைப் பற்றுச்சுருள்கள் மழைத்துளிக்கு வளைவதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். வழவழப்பான ஜெலட்டின் பூசிய கோலுக்கும் அவை அசைவதில்லை என்று 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஃபர் கண்டார். வெறும் அழுத்தம் போதாது, சொரசொரப்பு உரச வேண்டும். நம்ப முடியாமல் எங்கள் மாடித் தோட்டத்துப் பீர்க்கில் செம்பிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அதையே ஈர்க்கால் வருடினேன்; காப்பி ஆறுவதற்குள் வளைந்துவிட்டது. ஒவ்வொரு தூறலுக்கும் வெறுங்காற்றைப் பற்றிச் சுருண்டுகொண்டிருந்தால் எந்தக் கொடி பந்தல் ஏறும்? தன்மேல் படுவது நீரா கொம்பா என்று மூளையில்லாத ஓர் உயிர் பிரித்தறிகிறது. இதைப் பார்க்கத் தெரியாதவர்தான் அதற்குக் கண்ணீரைக் கடன் கொடுக்கிறார்.

வலிக்கும் என்று சொன்னதை மகளிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தொட்டியில் நாலு பீர்க்கங்கொட்டை ஊன்றி, அவள் கையில் ஓர் ஈர்க்குச்சியைக் கொடுங்கள். சுருண்ட பிறகு நடுத்துண்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை சுற்று, அந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று எண்ணி அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.