மேல்முறையீடு போட்டால் இழப்பீடு நின்றுவிடுமா?

நிற்காது. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் 2023இல் கை நசுங்கிய உங்கள் கணவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் உத்தரவிட்ட தொகையை, முதலாளி மேல்முறையீடு செய்தாலும் கொடுக்காமல் இருக்க முடியாது. விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி, முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிச் சான்று இணைத்தால்தான் அவர் மனுவே செல்லும். 60 நாள் கெடுவும் உண்டு; தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம்.

“கேஸ் போட்டிருக்கிறேன்” என்று முதலாளி சொல்வது பெரும்பாலும் உங்களைக் குறைந்த தொகைக்குச் சம்மதிக்க வைக்கும் பேச்சுதான். சி.எம்.ஏ. எண்ணை, அதாவது உயர் நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டுக்குத் தரும் எண்ணை, கேளுங்கள். சொல்ல மழுப்பினால், மனுவே இல்லை என்று சந்தேகிக்கலாம். எண் கிடைத்தால் சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் நிலையைப் பாருங்கள். ஆணையர் அலுவலகத்தில் பணம் கட்டப்பட்டதா, எந்தத் தேதியில் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கட்டவில்லையென்றால், நிலவரி பாக்கிபோல வசூலிக்கும்படி 31ஆவது பிரிவில் மனுக் கொடுங்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

கட்டியிருந்தால், பட்டுவாடா கோரி ஆணையரிடமே மனுச் செய்யுங்கள். முடிவு வரும்வரை தொகையை நிறுத்திவைக்க வழிசெய்த 30ஏ பிரிவு 2017இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஒன்று மட்டும்: உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருந்தால் இவை பொருந்தாது, அதை நீக்க அங்கேதான் மனுப் போட வேண்டும். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கு இலவச உதவி உண்டு.