மாசாய் மாரா, செரங்கெட்டி: விலங்குகளைப் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி ஆகிய வனவிலங்குக் காப்பிடங்களுக்குச் செல்லவிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். இவ்விரண்டுக்கும் நடுவே நாட்டு எல்லை இருக்கிறதே தவிர வேலி இல்லை. விலங்குகளுக்கு இரண்டும் ஒரே புல்வெளிதான். ஆகவே பதில்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடப்பதைக் காண எந்த மாதம் ஏற்றது? பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் விடுமுறை.

பதில்: பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகளும், அவற்றுடன் ஏறத்தாழ 2 லட்சம் வரிக்குதிரைகளும் மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாகச் சுற்றி வருகின்றன. மாரா ஆற்றை அவை கடப்பது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான். அப்போதும் உறுதி எதுவும் கிடையாது. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து திரண்டு, மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, ஒரே ஒரு வரிக்குதிரை மிரண்டதால் எல்லாமே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலும் மேயும் பெருமழைக் காலம். பாதைகள் சேறாகிவிடும், புல் உயர்ந்து நிற்கும். ஆனால் வண்டிகள் குறைவு, விடுதிக் கட்டணமும் குறைவு. இடம்பெயராத சிங்கங்களும் யானைகளும் அங்கேயேதான் இருக்கும். ஆற்றுக் காட்சியை எதிர்பார்க்காமல் செல்வதானால் அந்த மாதங்களிலும் தாராளமாகச் செல்லலாம்.

என்னைக் கேட்டால், விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் பிப்ரவரியில் செரங்கெட்டியின் தெற்கே உள்ள ந்டூட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். பண்டைய எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. பாலூட்டும் தாய்களுக்கு அது தேவை என்பதால் கூட்டம் அங்கே வந்துதான் ஈனுகிறது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுவதால், எத்தனை சிங்கங்களும் கழுதைப்புலிகளும் இருந்தாலும் அத்தனையையும் தின்று தீர்க்க முடியாது. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து, தள்ளாடி, தாயோடு ஓடத் தொடங்குவதை அருகிலிருந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கேள்வி: சிறுத்தையையும் சீட்டாவையும் எப்படி வேறுபடுத்துவது? செய்திகளில் இரண்டையும் சிறுத்தை என்றே எழுதுகிறார்கள்.

பதில்: சிறுத்தை என்பது லெப்பர்ட். சீட்டாவுக்குத் தமிழில் சிவிங்கி, சிவிங்கிப்புலி என்ற பெயர்கள் உண்டு. ஒட்டகத்தைப் போன்ற உருவமும் சிவிங்கியைப் போன்ற புள்ளிகளும் உடைய விலங்கை நாம் ஒட்டகச்சிவிங்கி என்கிறோம். இந்த அழகான சொல்லைக் கைவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சிவிங்கியின் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்த் தடம் போல ஒரு கருங்கோடு இறங்கும். உடலில் தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும். சிறுத்தைக்கு அந்தக் கோடு இல்லை, புள்ளிகள் ரோஜா இதழ்களைப் போல வளையம் வளையமாக அமைந்திருக்கும். சிவிங்கியைத் திறந்த வெளியில் கறையான் புற்றுகளின் மேலும், சிறுத்தையை ஆற்றோர மரக்கிளைகளிலும் தேடுங்கள்.

கேள்வி: ஓட்டுநர்கள் வண்டியிலுள்ள வயர்லெஸ் கருவியில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லி, எல்லா வண்டிகளும் நிற்கும் இடத்துக்கே விரைகிறார்களாமே. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒருமுறை, இரண்டு குட்டிகளோடு இருந்த ஒரு தாய்ச் சிவிங்கி, தாம்சன் மான் ஒன்றை நோக்கிப் புல்லோடு புல்லாகப் பதுங்கி நகர்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் 14 வண்டிகள் சூழ்ந்துகொண்டன. அவற்றில் ஒன்று, நல்ல படம் வேண்டும் என்று மானுக்கும் சிவிங்கிக்கும் நடுவே புகுந்தது. மான் ஓடிவிட்டது. சிவிங்கி பகலில் வேட்டையாடும் விலங்கு. பிடித்த இரையையே சிங்கத்திடமும் கழுதைப்புலியிடமும் அடிக்கடி பறிகொடுப்பது. அதன் பகற்பொழுதையும் நாம் பறித்துக்கொண்டால் குட்டிகள் பசியால் வாடும். மாராவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளே வளர்ந்து தனித்து வாழும் பருவத்தை எட்டுகின்றன என்றும், வண்டிகள் குறைந்த பகுதிகளில் அந்த எண்ணிக்கை 2.3 என்றும் கண்டறிந்தது.

எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறோமோ அவ்வளவு அன்பளிப்புக் கிடைக்கும் என்று ஓட்டுநர் எண்ணுவது இயல்பு. ஆகவே முதல் நாள் காலையிலேயே, "எங்களுக்கு அவசரமில்லை, தொலைவில் நின்றாலே போதும், கூட்டம் சேர்ந்தால் விலகிவிடலாம்" என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வசதி உள்ளவர்கள், மாராவை ஒட்டி மாசாய் மக்களின் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் காப்புப் பகுதிகளில் தங்கலாம். அங்கே ஒரு விலங்கின் அருகே நிற்கக்கூடிய வண்டிகளுக்கு வரம்பு உண்டு, குத்தகைப் பணமும் நில உரிமையாளர்களைச் சேர்கிறது.

கேள்வி: மூன்று நாளில் "பெரிய ஐந்து" விலங்குகளையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற அந்தப் பட்டியல், நடந்து சென்று சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்று பார்த்து வேட்டைக்காரர்கள் வகுத்தது. பார்க்கச் செல்லும் நமக்கு அது எதற்கு? கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க விரும்பினால் மட்டும் செரங்கெட்டிக்கு அருகே உள்ள கோரங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: கழுதைப்புலி பிறர் கொன்றதைத் தின்னும் விலங்குதானே?

பதில்: இல்லை. 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் கோரங்கோரோவில் அவற்றை இரவெல்லாம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கழுதைப்புலிகள் தம் உணவில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடுகின்றன என்பதும், விடியலில் இரையின் மேல் அமர்ந்திருக்கும் சிங்கம் பல நேரங்களில் அதை அவற்றிடமிருந்து பறித்தது என்பதும் அப்போது தெரியவந்தன.

கேள்வி: திறந்த வண்டியில் இருப்பவர்களைச் சிங்கம் தாக்காதா?

பதில்: வண்டியையும் அதில் அமர்ந்திருப்பவர்களையும் சிங்கம் ஒரே உருவமாகவே கொள்கிறது, சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் பொருட்படுத்துவதில்லை. எழுந்து நிற்பது, கையை வெளியே நீட்டுவது, இறங்குவது ஆகியவை அந்த உருவத்தைக் கலைத்துவிடும். உட்கார்ந்தே இருங்கள், மெதுவாகப் பேசுங்கள்.

கேள்வி: தடுப்பூசி, உடை பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். கருநீலமும் கருப்பும் கடிக்கும் செட்சி ஈக்களை ஈர்க்கும்; காக்கி, மண்ணிறம் போன்றவை நல்லது. இருநாடுகளிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு, துணிப்பை கொண்டு செல்லுங்கள். இருநோக்கியை (பைனாகுலர்) மட்டும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே கைமாற்றிக்கொண்டிருந்தால், உங்கள் முறை வருவதற்குள் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிப் போயிருக்கும்.

கேள்வி: வழிகாட்டியை நம்பியிராமல் நாமே விலங்குகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். மற்ற விலங்குகள் எதைப் பார்க்கின்றன என்று பாருங்கள். ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்தி ஒரே திசையில் அசையாமல் நோக்கினால், அங்கே ஏதோ ஒரு வேட்டை விலங்கு இருக்கக்கூடும். இம்பாலா மான்கள் மூக்கால் சீறினாலும் அதேதான். பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிட்டால் அவை இன்னும் தேடுகின்றன; ஒன்றன்பின் ஒன்றாக நேரே இறங்கினால் கீழே இரை கிடக்கிறது; இறங்கியும் மரத்திலேயே காத்திருந்தால், இரைக்கு உரிய விலங்கு இன்னும் அருகில்தான் இருக்கிறது. அந்த மரத்தடி நிழலை இருநோக்கியால் நிதானமாகத் துழாவுங்கள்.