தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், வீட்டில் சேர்ந்த பழைய பல்பு, பேட்டரி, பூச்சிமருந்து டப்பாவை என்ன செய்வது?

முதலில், எரிக்கவோ தோப்பில் புதைக்கவோ வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொன்னன.

சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட்டில் கொஞ்சம் பாதரசம் இருக்கும். உடையாதவற்றை அட்டைப் பெட்டியில் வையுங்கள். உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பாதரசம் இன்னும் பரவும். கெட்டி அட்டையால் வழித்து, மிச்சத் தூளை ஒட்டு டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். வெறுங்கை கூடாது.

பூச்சிமருந்து டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டேங்கிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் கொட்டக் கூடாது. அப்புறம் டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் தண்ணீர் பிடிப்பார்கள்!

உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். காலாவதி மாத்திரையைக் கக்கூஸில் போட்டால், கிணறு பக்கத்தில் இருக்கும் நம் வீடுகளில் அது குடிதண்ணீருக்கே திரும்பலாம்.

சரி, யாரிடம் கொடுப்பது? வீடு வீடாக வந்து கழிவு வாங்கும் ஹரிதகர்ம சேனை அக்காக்களிடம் இவற்றை என்றைக்கு வாங்குவார்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிக்கோடு கலந்து கொடுக்காதீர்கள். 'எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் போட்டுவிடலாமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய கேரள மருத்துவக் கழிவைப் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் திரும்ப அள்ள வைத்தது.