ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டயாலிசிஸ் நர்ஸாகச் சேரப் போகிறேன். பூர்வகுடி நோயாளிகள் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்களாமே, எப்படிச் சமாளிப்பது?

‘சமாளிப்பது’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. 9 வருடத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து வந்து இறங்கியபோது நானும் அதே சொல்லோடுதான் வந்தேன். நான் பூர்வகுடி இல்லை, அவர்களுக்காகப் பேசும் உரிமையும் எனக்கில்லை. நான் செய்த தவறைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பெயரைச் சொல்ல மாட்டேன். நோயாளியின் ரகசியம் என்பதால் மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் இறந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதே பெயருள்ளவர் உயிரோடு இருந்தால் அவரைக்கூட ‘குமஞ்சாயி’ என்ற மாற்றுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவர் ஊர் மேற்கே பாலைவனத்துக்குள், பல மணி நேர மண் சாலைப் பயணம். வாரத்துக்கு 3 நாள் மிஷினில் கிடக்க வேண்டும் என்பதற்காகவே பேரப்பிள்ளைகளை விட்டு டவுனில் இருந்தார்.

ஒரு கட்டத்தில் இதயம் பலவீனமாகி, டயாலிசிஸையே உடம்பு தாங்கவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினேன். நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாள்தான் என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி ‘யெஸ், யெஸ்’ என்றார். ‘விளக்கினேன், புரிந்துகொண்டார்’ என்று ஃபைலில் எழுதினேன். அடுத்த இரண்டு முறையும் அவர் வரவில்லை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினேன்.

எங்கள் யூனிட்டில் லூரிட்ஜா என்ற மொழி பேசும் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் ஒருவர் இருந்தார், மூத்த பெண்மணி. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நாலாவது மொழி. வயதில் சின்ன ஆண்பிள்ளை, தனியாக உட்கார்ந்து, ஒரு மூத்த பெண்ணிடம் அவர் சாவைப் பற்றி முகத்துக்கு நேரே பேசியிருக்கிறேன். அந்த ‘யெஸ்’ சம்மதமே இல்லை, பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்ற கூச்சம். அதோடு, அந்த முடிவை அவர் தனியாக எடுக்கவும் முடியாது. அவருடைய அக்காமார் கூட இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் முடிவாகி அவர் போய்விட்டால், பழி குடும்பத்தில் யார் தலையிலாவது விழும்.

சரி, திரும்ப ஆரம்பித்தோம். கட்டிலருகே இல்லை, வெளியே மரத்தடியில் கம்பளி விரித்து. அக்காமார், மொழிபெயர்ப்பாளர், ஒரு பெண் டாக்டர். நான் கார் பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டு மணி நேரம், அதில் பாதி மௌனம். ‘சாவு’ என்ற சொல்லே வரவில்லையாம். இங்கே ‘ஃபினிஷ் அப்’ என்பார்கள். ஊருக்குப் போவது என்று முடிவானது.

அப்புறம் வேலை எங்களுடையது. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கிவிடும். அதனால் ஃபெண்டானில் என்ற வேறு வலி மருந்தை ஏற்பாடு செய்து, ஊர் கிளினிக் நர்ஸிடம் அளவுகளைப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னோம். கிளம்பும்போது அந்த அம்மா வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, என் விரல்களை எடுத்துத் தன் ஃபிஸ்டுலா மேல், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தின் மேல் வைத்தார். விர்ரென்று அதிர்ந்தது. இரண்டு வருடம் நான் ஊசி குத்திய கை. 8 நாள் இருந்தார், முற்றத்தில், நெருப்பு பக்கத்தில், அக்காமார் நடுவில்.

‘உயிரைக் காப்பாற்றுவதுதானே நர்ஸ் வேலை, போகவிட்டது சரியா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவரைக் காப்பாற்ற அந்த மிஷினால் முடியாத நிலைக்குப் பிறகு நடந்தது இது. அதோடு, எல்லோரும் ஊரில் முடிய விரும்புவதும் இல்லை. ஒருவர் இறந்த வீட்டைக் குடும்பம் காலி செய்துவிடும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று டவுனிலேயே இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். நம்மவர்கள் விருந்துகளில் ‘குடிச்சே கிட்னியைக் கெடுத்துக்கிட்டாங்க’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். ரத்தம் கொதிக்கிறது. சர்க்கரை நோய், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், நெருக்கடியான வீடுகளில் சின்ன வயதிலேயே வரும் சொறி சிரங்கு, அந்தக் கிருமியால் கெடும் சிறுநீரகம், இதெல்லாம் எதனால் என்று யாரும் கேட்பதில்லை. நம் வீட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை?

இந்த மக்கள் சும்மா இருக்கவும் இல்லை. 2000-இல் கின்டோர், கிவிர்குரா என்ற பாலைவன ஊர்களின் ஓவியர்கள் தங்கள் படங்களை சிட்னியில் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதிலிருந்துதான் பர்ப்பிள் ஹவுஸ் என்ற டயாலிசிஸ் அமைப்பு வந்தது. 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. ஈமச்சடங்குக்கோ குடும்பத்தைப் பார்க்கவோ போக, டயாலிசிஸ் மிஷின் பொருத்திய லாரியும் இருக்கிறது. ஆகவே ஒருவர் ‘ஹோம்’ என்றால், சிகிச்சையை விடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் மிஷின் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

சேர்ந்த முதல் வாரமே தொடர்பு அலுவலரைத் தேடிப் போங்கள். ஒவ்வொரு நோயாளியும் என்ன மொழி, அவருக்காகப் பேச வேண்டியவர் யார் என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள், அவர் நன்றாக இருக்கும்போதே.