வாசகர் கேள்வி-பதில்: ட்ரோன் காலத்துப் போர்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போரையும் தொழில்நுட்பத்தையும் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தூத்துக்குடி வாசகர்: சொல்லிக்கொள்ளும்படி கடற்படையே இல்லாத உக்ரைன், ரஷ்யாவின் கருங்கடல் படையை விரட்டிவிட்டது என்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை, பெருமளவு உண்மைதான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனிடம் இருந்த ஒரே பெரிய போர்க்கப்பலை, எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று மிகோலாயிவ் துறைமுகத்தில் அவர்களே மூழ்கடித்துவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று ரஷ்யக் கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. 186 மீட்டர் நீளக் கப்பல் அது. அதைத் தாக்கியவை உக்ரைனே தயாரித்து, கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் கடல் ட்ரோன்கள். மகூரா என்ற வகை ஐந்தரை மீட்டர் நீளம்தான், உங்கள் ஊர் வள்ளத்தை விடச் சின்னது. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து ஓடுவதால் ரேடாரில் எளிதில் தெரியாது, முன்னால் கேமரா, செயற்கைக்கோள் வழியே தொடர்பு, உள்ளே சில நூறு கிலோ வெடிமருந்து. 2022 அக்டோபர் 29 அன்று கிரிமியாவில் ரஷ்யக் கருங்கடல் படையின் தளமான செவஸ்தோபோல் துறைமுகத்தைக் கடல் ட்ரோன்களால் தாக்கியதுதான் முதல் பெரிய முயற்சி, அதில் கிடைத்த பலன் குறைவு. ரஷ்யர்கள் துறைமுக வாயில்களில் தடுப்புகளைப் போட்டார்கள், கப்பல்களில் கூடுதல் துப்பாக்கிகளை ஏற்றினார்கள். உக்ரைன்காரர்கள் படகின் வடிவத்தை மாற்றினார்கள், தொடர்பு முறையை மாற்றினார்கள், ஒவ்வொன்றாக அனுப்பாமல் கூட்டமாக அனுப்பினார்கள். 2024 பிப்ரவரி 1-ல் இவானோவெத்ஸ் ஏவுகணைக் கப்பல், பிப்ரவரி 14-ல் சீசர் குனிகோவ், மார்ச் 5-ல் செர்கேய் கோத்தோவ் என்று ரஷ்யக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. மிச்சமிருந்த முக்கியக் கப்பல்களை ரஷ்யா கிழக்கே நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது.

உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியே அனுப்பவிட்ட ஒப்பந்தத்திலிருந்து 2023 ஜூலையில் ரஷ்யா விலகியும், உக்ரைனின் ஒதேசா துறைமுகத்திலிருந்து கோதுமைக் கப்பல்கள் ருமேனியக் கரையை ஒட்டிப் போய்வர முடிந்தது என்றால் அதற்கு இதுவும் முக்கியக் காரணம். ஆனால் ஒன்று. எதிரியைக் கடலில் நடமாட விடாமல் செய்வது வேறு, கடலை ஆள்வது வேறு. ஒதேசா துறைமுகத்தின் மேல் இன்னும் ஏவுகணையும் ட்ரோனும் விழுந்துகொண்டுதான் இருந்தன.

யாழ்ப்பாண வாசகர்: வெடிமருந்து நிரப்பிய படகு எங்கள் கடலுக்குப் புதிதல்ல. 90-களிலேயே பார்த்துவிட்டோம். இதில் என்ன புதுமை?

நியாயமான கேள்வி. கடற்புலிகள் வேகப் படகுக் கூட்டத்துக்கு நடுவே வெடிமருந்துப் படகை மறைத்து அனுப்பிய முறையை இன்றும் உலகக் கடற்படைகள் படிக்கின்றன. 1994-ல் மன்னார் கடலில் இலங்கைக் கடற்படையின் சாகரவர்த்தன கப்பல் மூழ்கியது அப்படித்தான். இலங்கைக் கடற்படை அதற்குக் கண்டுபிடித்த பதிலையும் அதே அளவுக்குப் படிக்கிறார்கள்: போரின் கடைசி ஆண்டுகளில் அவர்களும் பெரிய கப்பல்களை மட்டும் நம்பாமல், சிறு படகுகளை நாட்டுக்குள்ளேயே ஏராளமாகக் கட்டி, கூட்டத்தைக் கூட்டத்தால் எதிர்கொண்டார்கள்.

அன்று அந்தப் படகில் ஒரு பையனோ பெண்ணோ இருந்தார்கள், திரும்பி வரவில்லை. எதிரே இருந்த கப்பலிலும் யாரோ ஒருவருடைய பிள்ளைகள்தான் இருந்தார்கள். அந்த இழப்பை நான் உத்திக் கணக்காக மட்டும் எழுத மாட்டேன். இன்று ட்ரோன் படகை ஓட்டுபவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். படகு வெடித்தாலும், குறி தவறினாலும், என்ன பார்த்தார், எங்கே பிசகியது என்பதெல்லாம் அவரிடமே இருக்கிறது, அடுத்த வாரம் அதை வைத்துத் திரும்பவும் வருவார். தோல்வியிலிருந்து கற்றது கடலோடு போகவில்லை. புதுமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

கோவை வாசகர்: ட்ரோனை ஜாமர் வைத்து முடக்கிவிடலாமே? அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

ஒரு காலம் வரை முடிந்தது. ட்ரோனுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் ரேடியோ அலை இருக்கிறது, அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டினால் தொடர்பு அறுந்துவிடும். உடனே ட்ரோன் விடுபவர்கள் அலைவரிசையை மாற்றினார்கள், தடுப்பவர்கள் ஜாமரை மாற்றினார்கள். 2024-ல் ரஷ்யர்கள் தங்கள் எல்லையோர கூர்ஸ்க் பகுதியில் ஆப்டிக் ஃபைபர் ட்ரோனைப் பெரிய அளவில் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். வயிற்றில் ஒரு சுருள், அதிலிருந்து முடி மாதிரி மெல்லிய இழை பத்து இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு அவிழ்ந்துகொண்டே போகும். கட்டளையும் படமும் அந்த இழை வழியே போவதால் ரேடியோவே இல்லை, எதை ஜாம் செய்வது? சில மாதங்களில் உக்ரைனும் அதையே செய்தது. இப்போது அந்த இழைகள் வயல்களிலும் மரங்களிலும் சிக்கிக் கிடக்கின்றன.

இன்னொரு பக்கம் காசுக் கணக்கு. ஈரானின் ஷாஹெத் ட்ரோனை ரஷ்யா இப்போது தன் தாத்தர்ஸ்தான் மாநிலத்தில் சொந்தமாகத் தயாரிக்கிறது. ஒன்றின் விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. அதை வீழ்த்த அமெரிக்கப் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணை விட்டால் ஒரு ஏவுகணைக்கே ஏறத்தாழ 40 லட்சம் டாலர். ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் வந்தால் எந்த நாட்டின் கஜானாவும் தாங்காது. அதனால் உக்ரைன் செய்தது எனக்குப் பெரிய வியப்பு: நாடு முழுக்கக் கம்பங்களில் மைக்ரோஃபோன்களைக் கட்டி, ஷாஹெத்தின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அது போகும் பாதையைக் கணித்தார்கள். சுமார் பத்தாயிரம் கருவிகள், ஒவ்வொன்றும் 400, 500 டாலர்தான் என்று ஐரோப்பாவில் அமெரிக்க விமானப்படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஜேம்ஸ் ஹெக்கர் 2024-ல் சொன்னார். பாதை தெரிந்தால் வேனில் இயந்திரத் துப்பாக்கியோடு காத்திருப்பவர்களே சுட்டுவிடலாம். இப்போது ட்ரோனை ட்ரோனே மோதி வீழ்த்துகிறது.

மதுரை கல்லூரி மாணவி: 'சிலந்தி வலை' தாக்குதலைப் பற்றி எழுதுங்களேன்.

2025 ஜூன் 1. உக்ரைனின் உளவு அமைப்பு 117 ட்ரோன்களை சிறு மர வீடுகளின் கூரைக்கடியில் ஒளித்து, லாரிகளில் ஏற்றி, ரஷ்யாவுக்குள்ளேயே கொண்டுபோய், விமானதளங்களுக்குப் பக்கத்திலிருந்து பறக்கவிட்டது. ஒன்றரை ஆண்டுத் திட்டம். தாக்கப்பட்ட பெலாயா தளம் சைபீரியாவில், உக்ரைன் எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். 41 விமானங்களைத் தாக்கியதாக உக்ரைன் சொன்னது, அமெரிக்க அதிகாரிகளின் மதிப்பீடு ஏறத்தாழ அதில் பாதி. அந்தக் குறைந்த கணக்கே பெரிய அடிதான், ஏனென்றால் து-95 குண்டுவீச்சு விமானங்களின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற பழைய கணக்கு அன்றோடு போச்சு. திறந்த வெளியில் விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் எல்லா நாடுகளும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

சென்னை வாசகர் (ஐடி துறை): சைபர் தாக்குதலும் போர்தானா?

ஆமாம். ரஷ்யப் படை எல்லை தாண்டிய அதே 2022 பிப்ரவரி 24 காலையில், உக்ரைன் ராணுவமும் பயன்படுத்திய வயாசாட் செயற்கைக்கோள் இணையத்தின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. அதன் பக்கவிளைவாக, போருக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. 2015 டிசம்பரிலேயே ஹேக்கர்கள் உக்ரைனின் மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பட்டதால் உக்ரைன்காரர்கள் பாடம் படித்தார்கள்: படையெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு சட்டத்தைத் திருத்தி, அரசுப் பதிவேடுகளை வெளிநாட்டு கிளவுடுக்கு (இணையவழிச் சேமிப்பகத்துக்கு) மாற்ற வழி செய்துகொண்டார்கள். சர்வர் இருந்த கட்டடம் இடிந்தாலும் நிலப் பத்திரமும் ஓய்வூதியக் கணக்கும் மிஞ்சும். இதைச் செய்தவர்கள் சீருடை போடாத கணினிக்காரர்கள், உங்களைப் போன்றவர்கள்.

திருச்சி வாசகர்: இந்தியா இதிலெல்லாம் எங்கே நிற்கிறது?

2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் இரண்டு குண்டுகளைப் போட்டபோதே எச்சரிக்கை வந்துவிட்டது. 2025 மே மாத மோதலில் பாகிஸ்தான் ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி 300-லிருந்து 400 ட்ரோன்கள் வரை அனுப்பியதாக நம் ராணுவம் சொன்னது, வான்பாதுகாப்பு நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. 2007-ல் 126 போர் விமானங்களுக்கு டெண்டர் விட்டோம். அது ரத்தாகி, 36 ரஃபேல் என்று சுருங்கி, முதல் ஐந்து அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலையில். பதின்மூன்று வருடம். ட்ரோனில் பதின்மூன்று வாரம் பழையதே பழசு. முழுதாகச் செய்த ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022-ல் தடை போட்டது சரி, மோட்டாரும் பேட்டரியும் சிப்பும் சீனாவிலிருந்து வருகிற வரை அந்தத் தடை பாதித் தடைதான்.

உங்கள் திருச்சி, தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. அங்கே இருக்கிற சிறு பட்டறைகளுக்கு ராணுவம் நேரடியாகச் சின்ன ஆர்டர் கொடுத்து, எல்லையில் சோதித்து, குறை சொல்லி, மாதத்துக்குள் திருத்தி வாங்கும் ஏற்பாடு வர வேண்டும். இதைவிட அவசரம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

நாகர்கோவில் வாசகர்: அப்போ டேங்க், பீரங்கி எல்லாம் பழைய இரும்புக்குத்தானா?

இல்லை. ட்ரோனால் ஒரு ஊரைப் பிடித்து வைத்திருக்க முடியாது, அதற்குக் காலாள்தான் வேண்டும். மழை, பனி, பலத்த காற்றில் சின்ன ட்ரோன் பறக்காது, பீரங்கி சுடும்.

சேலம் ஆசிரியை: எந்திரங்கள் சண்டை போட்டால் மனித உயிர் மிஞ்சும் என்கிறார்களே, டீச்சர்களாகிய நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. உக்ரைனின் கெர்சோன் நகரத்தில் ஆற்றின் மறுகரையிலிருந்து வரும் ரஷ்ய ட்ரோன்கள் கடைக்குப் போகிறவரை, சைக்கிளில் போகிறவரை, ஆம்புலன்ஸைத் துரத்தித் துரத்திக் குண்டு போடுகின்றன. ஓட்டுபவர் கேமராவில் ஆளைப் பார்த்துக்கொண்டேதான் செய்கிறார். ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றே சொன்னது. அங்கே சாலைகளுக்கு மேல் வலை கட்டி நடக்கிறார்கள், பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து பழைய மீன்பிடி வலைகளை அனுப்பியிருக்கிறார்கள். இலக்கை எந்திரமே தேர்ந்தெடுத்துச் சுடும் ஆயுதங்களுக்குத் தடை வேண்டும், 2026-க்குள் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலர் குட்டெரெஸ் கேட்டார். வல்லரசுகள் இழுத்தடிக்கின்றன. பிள்ளைகளுக்கு இதை அப்படியே சொல்லுங்கள்.

ஓசூர் டிப்ளமா மாணவர்: இந்தத் துறைக்கு வர என்ன படிக்கலாம்?

ரேடியோ அலைவரிசை, பேட்டரி வேதியியல், மோட்டாருக்குக் காயில் சுற்றுவது, கன்ட்ரோல் சிஸ்டம். இதில் எது கையில் வருகிறதோ அதை ஆழமாகப் பிடியுங்கள். ஆர்டுபைலட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசம், பொழுதுபோக்காக விமானம் பறக்கவிடுகிறவர்கள் ஆரம்பித்தது. சிலந்தி வலைத் தாக்குதலில் பறந்த ட்ரோன்களில்கூட அதுதான் இருந்தது. விவசாய ட்ரோனில் அதைப் போட்டு, வீடுகள் இல்லாத வெளியில் விதிப்படி பறக்கவிட்டுப் பழகுங்கள்.