தீசிஸைத் தள்ளிவைத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். 2024 அக்டோபரில் எம்.எஸ். படிக்க ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தேன். வீட்டுப் பத்திரத்தை வைத்து 20 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10.5% வட்டி. வங்கி கேட்காததால் இதுவரை ஒன்றும் கட்டவில்லை. டிக்கெட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் அம்மாவின் நகையை வட்டிக்கடையில் 2 லட்சத்துக்கு வைத்தோம், இரண்டு வட்டி. இங்கே ஒரு கிடங்கில் வாரம் 20 மணி நேரம் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். மாதம் 1,050 யூரோ போலக் கைக்கு வரும், அதில் 300 வீட்டுக்கு அனுப்புகிறேன். போன செமஸ்டர் கட்டணத்துக்கு அறைத்தோழியிடம் 400 யூரோ கைமாற்று வாங்கினேன். இரவு வேலை என்பது வீட்டில் தெரியாது. போன மாதம் ரயிலில் தூங்கிப்போய், பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தமான ஹெரன்பெர்க் வரை போய்விட்டேன். மூன்று செமஸ்டர் முடிந்தது, பட்டத்துக்கான ஆய்வேடு, அதாவது தீசிஸ்தான் பாக்கி. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிடுகிறேன் என்கிறார். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தீசிஸை ஒரு செமஸ்டர் தள்ளிவைத்து, உழைத்துக் கொஞ்சமாவது அடைக்கட்டுமா? மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு சேமிப்பு பாலிசி போடு என்று மாமாவும் சொல்கிறார். போடலாமா?

பதில்: தீசிஸைத் தள்ளிவைக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள்தான் வேலை பார்க்கலாம், அரை நாளாக என்றால் 280. தீசிஸை நிறுத்திவைத்தாலும் இந்த வரம்பு அப்படியேதான் இருக்கும். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அந்தக் காலத்தில் எந்த வேலையையும் எத்தனை நாளும் செய்யலாம். அதாவது, இப்போது மூட்டை மூட்டையாகத் தூக்கும் அதே கிடங்கில் பட்டத்துக்குப் பிறகு முழு நேரம் நிற்கச் சட்டமே இடம் தருகிறது. பிறகு செய்யக்கூடியதை இப்போது செய்வதற்காக, இப்போது மட்டுமே முடிக்க வேண்டியதை ஏன் தள்ளவேண்டும்?

தள்ளினால் என்ன செலவு? விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், போடச் சொல்லும் தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஒரு மாணவர் வாழ அந்த அரசே போடும் கணக்கு அது. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் உங்கள் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். வங்கி வட்டி ஒரு லட்சத்து ஐயாயிரம் தனி. மொத்தம் எட்டரை லட்சம் ரூபாய் வருகிறது. ஆறு மாதச் சம்பளம் தள்ளிப்போவதை இதில் நான் சேர்க்கவே இல்லை. இத்தனையும் கொடுத்து நீங்கள் சம்பாதிக்கப்போவது சில ஆயிரம் யூரோ, அதுவும் பெரும்பகுதி வாடகைக்கே போகும்.

சரி, கடனை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. படிப்புக் காலத்தில் வங்கி தவணை கேட்காதே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 20 லட்சத்துக்கு மாதம் 17,500 ரூபாய், இந்தப் பதினெட்டு மாதத்தில் 3.15 லட்சம் ஏறிவிட்டது. தீசிஸுக்கு ஆறு மாதம், படிப்பு முடிந்து தவணை தொடங்க ஓராண்டு சலுகை என்றால், இன்னும் பதினெட்டு மாதத்தில் அது 6.3 லட்சமாகி அசலோடு சேர்ந்துகொள்ளும். 26.3 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை மாதம் ஏறத்தாழ 35,500. இன்றிலிருந்து வட்டியை மட்டும் கட்டிவந்தால் அது 31,250-க்குள் நிற்கும். பத்து வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் மிச்சம், அதற்கு நீங்கள் கட்டுவது 3.15 லட்சம்.

இந்த 17,500-ஐ யூரோவில் பாருங்கள், 175. ஜெர்மனியில் 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஓய்வூதியப் பிடித்தம் போக 12.60 கைக்கு வரும். ஆக, மாதம் 14 மணி நேர வேலை உங்கள் வங்கி வட்டியைத் தீர்த்துவிடும், இரண்டு ஷிப்ட்கூட முழுதாக வேண்டாம். நீங்கள் பார்ப்பது எண்பதுக்கும் மேல்!

அதற்கு முன்னால் நகை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24%. உங்கள் வீட்டில் இருப்பதிலேயே மோசமான கடன் இதுதான். எல்லோரும் 20 லட்சத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், இந்த 2 லட்சம் மாதாமாதம் 4,000 ரூபாயைத் தின்றுகொண்டிருப்பது கண்ணில் படுவதில்லை. பொதுத்துறை வங்கி நகைக்கடனில் இதில் பாதிக்கும் குறைவான வட்டிதான் வரும். அப்பா அந்த ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகட்டும். நகையை மீட்கும் அன்று கைமாற்றாக 2 லட்சம் புரட்டினால் போதும், அன்று மாலையே வங்கிக் கடன் பணத்தில் திருப்பிவிடலாம். அப்புறம் நகை வட்டி 1,600 ரூபாய்க்குள் அடங்கும்.

இரண்டையும் சேர்த்தால் மாதம் 190 யூரோ. ஆக 300 அனுப்பவேண்டாம், 190 அனுப்புங்கள். அதுவும் வீட்டுச் செலவோடு கலக்காமல் நேராகக் கடன் கணக்குக்குப் போகட்டும். மிஞ்சும் 110-ஐ அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள், தோழியின் 400-ஐயும் அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தீருங்கள். தீசிஸ் மாதங்களில் 190 முடியவில்லை என்றால் 100 அனுப்புங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஒரு மாத வட்டி தவறினால் வீடு போய்விடாது, ஒரு செமஸ்டர் தவறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இரவு ஷிப்டை விடுங்கள் என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வது எளிது. ஆனாலும் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் போஷ், மெர்சிடஸ், போர்ஷே என்று பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. சம்பளத்தோடு தீசிஸ் செய்யவும், படிக்கும்போதே துறை சார்ந்த பகுதிநேர வேலை பார்க்கவும் அங்கே வழி உண்டு. வாகனத் துறையில் இது ஆட்குறைப்புக் காலம் என்பதால் அதை மட்டும் நம்பாமல் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் மாணவ உதவியாளர் வேலை கேளுங்கள். கூலி கிடங்கை விடக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பகலில் விழித்திருக்கலாம்.

கோடை விடுமுறையில் முழு நேரம் வேலை பார்த்திருந்தால் அந்த மாதங்களில் வருமான வரி பிடித்திருப்பார்கள். 2025-ல் 12,096 யூரோ வரை வரியில்லை. வேலைக்கான செலவுக் கழிவு, மேற்படிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் பிடித்தது முழுவதும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எல்ஸ்டர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகவே கணக்குத் தாக்கல் செய்யலாம், நான்கு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். நம் பிள்ளைகள் பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

மாமாவின் பாலிசி வேண்டாம். 10.5% கடனை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாகத் தரும் சேமிப்பில் பணம் போடுவது நஷ்டம். உங்கள் உயிருக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதே முக்கியம். கல்விக் கடனோடு சேர்த்து எடுத்திருக்கிறார்களா என்று கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள், இல்லையென்றால் வேலை கிடைத்ததும் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு, எடுங்கள்.

அப்பாவின் ஓய்வுப் பணத்துக்கு வருகிறேன். வெறும் வட்டிக் கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தருவது 8.2%, கடனோ 10.5%. ஆனால் அந்தப் பணம் வாழ்நாளில் ஒரு முறைதான் வரும். அதைக் கடனில் போட்டபின் நாளை முழங்கால் அறுவை சிகிச்சை என்று வந்தால் வங்கி திருப்பித் தராது. உங்கள் கடனை அடைக்க உங்களுக்கு முப்பது வருடச் சம்பளம் காத்திருக்கிறது, அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. 15 லட்சத்தை அந்தத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் அவர் கைக்கு வரும், அசலும் பத்திரமாக இருக்கும். நீங்கள் ஓராண்டாகியும் வேலையில்லாமல் இருந்தால் அப்போது அவர் வட்டிக்குக் கை கொடுக்கட்டும்.

இதை அவரிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும், இரவு வேலையையும் சேர்த்து. மறைத்துவைத்திருக்கும்வரை அவர் தன் பணத்தைக் கொடுப்பதே ஒரே வழி என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது 17,500, 4,000, 190 என்ற மூன்று எண்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு முன், இந்த வாரமே, தீசிஸ் தலைப்பைப் பதிவுசெய்யப் பேராசிரியருக்கு எழுதிவிடுங்கள்.