ஆஸ்டின் பக்கத்தில் சைக்கிள் ஓட்ட மேடும் மரமும் உள்ள சாலை எது?

கேள்வி: வேலை மாறி டெக்சாஸ் ஆஸ்டினுக்கு வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருந்தபோது வார இறுதிகளில் கோத்தகிரி, குன்னூர் ஏற்றங்களில் சைக்கிள் ஓட்டிய பழக்கம். இங்கே ஏற்ற இறக்கமும் மரநிழலும் இருந்து, லாரி தொல்லை இல்லாத சாலை ஏதாவது உண்டா? மனைவியும் ஒன்பது வயது மகனும் கூட வரலாமா?

உண்டு. பாஸ்ட்ராப் மாநிலப் பூங்காவையும் பிஷர் மாநிலப் பூங்காவையும் இணைக்கும் 'பார்க் ரோடு 1சி' என்ற சாலை. ஆஸ்டினிலிருந்து தென்கிழக்கே 71ஆம் நெடுஞ்சாலையில் 50 கி.மீ. போல காரில் போனால் பாஸ்ட்ராப் வந்துவிடும். ஒரு வாயிலிலிருந்து மறு வாயில் வரை ஏறக்குறைய 12 மைல். போய்த் திரும்பினால் 40 கி.மீ. கூடத் தேறாது. கோத்தகிரி ஏறியவருக்கு இது ஒரு கணக்கா என்று தோன்றும். முதல் முறை திரும்பி வரும்போது அப்படித் தோன்றாது.

உங்கள் அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் 360ஆம் லூப் சாலையைத்தான் சொல்வார்கள். அதில் நல்ல மேடுகள் உண்டு, ஓரத்தில் சைக்கிளுக்கு அகலமான இடமும் உண்டு. ஆனால் பக்கத்திலேயே கார்கள் நெடுஞ்சாலை வேகத்தில் சீறிக்கொண்டு போகும். கால் வலுவுக்கு அது போதும். நீங்கள் மரமும் கேட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஏற்றம் பற்றி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போவது ஒரே ஏற்றம். 30 கி.மீ.க்கு மேல் போனாலும் சரிவு பெரும்பாலும் சீராக இருக்கும். ஒரு கியரைப் பிடித்து, மூச்சை ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், அப்புறம் பொறுமைதான் வேலை. 1சி சாலையில் அந்தத் தாளமே கிடைக்காது. இங்கே பெரிய மலை எதுவும் இல்லை. கொலராடோ ஆற்றுக்கு வடக்கே உள்ள மணற்பாங்கான குன்றுகளைச் சிறு ஓடைகள் வெட்டி வெட்டி வைத்திருக்கின்றன. (இது டெக்சாஸுக்குள்ளேயே ஓடும் கொலராடோ. கிராண்ட் கேன்யனில் ஓடும் ஆறு வேறு.) சாலை அந்த ஓடைகளில் இறங்கி இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு ஏற்றமும் ஓரிரு நிமிடம்தான், ஆனால் சில இடங்களில் சரிவு நூற்றுக்குப் பத்தையும் தாண்டும். உச்சி தொட்டவுடன் இறக்கம், இறக்கம் முடியுமுன் ஒரு வளைவு, வளைவு திரும்பினால் அடுத்த மேடு. இறங்கும் வேகத்திலேயே அடுத்ததை ஏறிவிடலாம் என்று நினைப்போம். பாதி மேட்டில் அந்த வேகம் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் எடையும் சைக்கிள் எடையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்து சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் 230 வாட் வேண்டும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் இருந்தால் அந்த வேகத்தில் மிதி நிமிடத்துக்கு 65 சுற்று சுற்றும். பின்னால் 34 பல் இருந்தால் 80 சுற்று வரும், முட்டிக்கு இதம். பழைய சைக்கிள்களில் இருக்கும் முன்னால் 39, பின்னால் 25 என்றால் 50 சுற்றுதான். ஒரு மேட்டுக்கு அது தாங்கும், வரிசையாக வந்துகொண்டே இருக்கும் மேடுகளுக்குத் தாங்காது. எனவே கடைக்காரரிடம் பின் பல்சக்கரத்தைப் பெரியதாக மாற்றச் சொல்லுங்கள். ஊரில் இது இல்லாமலே ஓட்டினேன் என்ற வீம்பு இங்கே வேண்டாம்.

கியர் மாற்றுவதிலும் ஒரு பழக்கம் வர வேண்டும். மேடு ஆரம்பித்து, முழு பலத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்போது முன் கியரை இறக்கினால் செயின் கழன்று விழ வாய்ப்பு அதிகம். பள்ளத்தின் அடியில், கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே இறக்கிவிடுங்கள். மிதியில் ஷூவைப் பூட்டி ஓட்டுபவர் என்றால் இது இன்னும் முக்கியம். செங்குத்தான இடத்தில் செயின் கழன்றால் ஷூவை விடுவிக்க நேரம் கிடைக்காது, அப்படியே சாய வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் இந்தச் சாலையில் இறக்கங்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சாலை குறுகல், ஓரத்தில் தனி இடம் கிடையாது, முன்னால் ஐம்பது அடிக்கு மேல் தெரியாத வளைவுகள் உண்டு. மழைக்கு மறுநாள் வளைவுகளில் மணல் அரித்துக் கிடக்கும். பைன் ஊசிகள் ஈரத்தோடு படிந்த இடத்தில் பிரேக்கைப் பிடித்தால் டயர் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவதுதான் நல்லது. 28 மி.மீ. அகல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்தால் பிடிமானம் கிடைக்கும். மான்கள் காலையிலும் மாலையிலும் குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். லாரிகள் கிடையாது. கார்கள் வரும், ஆனால் பெரும்பாலும் பூங்கா பார்க்க வந்தவர்கள், மெதுவாகத்தான் வருவார்கள். கண் மறைவான மேட்டு உச்சியில் இருவர் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு பேசுவது மட்டும் வேண்டாம்.

ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டினுக்குப் பல ஆண்டுகள் நடந்த நரம்பு நோய் நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில், இரண்டாம் நாள் லா கிரேஞ்ச் என்ற ஊரிலிருந்து கிளம்பியவர்கள் விரும்பினால் இந்தப் பூங்காச் சாலை வழியாகப் போனார்கள், இல்லையென்றால் சுற்றி எளிய வழியில் போனார்கள். அப்படி விருப்பமாக விட்டதற்குக் காரணம் இந்த மேடுகள்தான். இன்றும் ஹூஸ்டன் பக்கத்துச் சைக்கிள்காரர்களிடம் 'பாஸ்ட்ராப்' என்று சொன்னால் ஒரு பெருமூச்சு வரும்.

இனி மரங்கள். நான் இந்தச் சாலைக்குத் திரும்பத் திரும்பப் போவது இதற்காகத்தான், மேடு இரண்டாம்பட்சம்.

இது லாப்லாலி பைன் காடு. டெக்சாஸின் பெரிய பைன் காடுகள் கிழக்கு எல்லையில், லூசியானா பக்கம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஏறக்குறைய 100 மைல் மேற்கே, நடுவில் எந்தத் தொடர்பும் இல்லாமல், பாஸ்ட்ராப்பைச் சுற்றி மட்டும் ஒரு திட்டு நிற்கிறது. 'லாஸ்ட் பைன்ஸ்' என்று பெயர். நட்டு வளர்த்த தோட்டமில்லை, இயற்கையாகவே நிற்பது. ஆஸ்டின் நகரம் எழுந்த காலத்தில் வீடு கட்டப் பலகை போனது இங்கிருந்த மரம் அறுக்கும் ஆலைகளிலிருந்துதான்.

2011 டெக்சாஸுக்குக் கொடிய வறட்சி ஆண்டு. அந்த செப்டம்பர் 4ஆம் தேதி, 'லீ' என்ற வெப்பமண்டலப் புயல் ஒரு சொட்டு மழையைக்கூட இந்தப் பக்கம் அனுப்பாமல் காற்றை மட்டும் அனுப்பியது. காய்ந்த மரங்கள் மின்கம்பிகளில் சாய்ந்து தீப்பிடித்தது. 34,000 ஏக்கர் போல எரிந்தது. 1,600க்கு மேற்பட்ட வீடுகள் போயின, இருவர் இறந்தார்கள். வீடுகளின் எண்ணிக்கையில் அதுவரை டெக்சாஸ் கண்ட மிக மோசமான காட்டுத்தீ அது. பாஸ்ட்ராப் பூங்காவில் 96 விழுக்காடு நெருப்பு பட்டது. பிறகு 2015 மே மாதப் பெருமழையில் பூங்கா ஏரியின் கரை உடைந்து ஏரி காலியானது. அதே ஆண்டு அக்டோபரில் பிஷர் பக்கம் இன்னொரு தீ, அதில் 4,500 ஏக்கருக்கு மேல் எரிந்தது.

இதெல்லாம் சைக்கிளில் போகும்போது கண்ணுக்குத் தெரியும், காரில் போனால் பாதி தப்பிவிடும். பாஸ்ட்ராப் பக்கம் கிளம்பினால் முதலில் வானம் திறந்து கிடக்கும். கருகி நின்ற பழைய மரங்கள் பல இன்று விழுந்துவிட்டன. அவற்றுக்கிடையே தீக்குப் பின் வந்த இளம் பைன்கள் நெருக்கமாக எழுந்திருக்கின்றன. வனத்துறையின் குளிர்பதனக் கிடங்கில் இந்தப் பகுதிப் பைனின் விதைகள் சேமிப்பில் இருந்திருக்கின்றன. கிழக்கு டெக்சாஸ் பைனைவிட வறட்சி தாங்கும் வகை இது. அந்த விதையிலிருந்து கன்று வளர்த்து, தன்னார்வலர்கள் லட்சக்கணக்கில் நட்டார்கள். பிஷர் பக்கம் நெருங்க நெருங்க, ஓக் மரங்களும் பெரிய பைன்களும் கலந்து சாலைமேல் கிளை கோத்து நிற்கும், வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். எரிந்தது, மீண்டு வருவது, தப்பியது என்று மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் கடந்து போகலாம்.

ஹூஸ்டன் தேரை என்ற அழிவின் விளிம்பில் உள்ள உயிரினத்துக்கு மிஞ்சியிருக்கும் முக்கிய இடமும் இந்தக் காடுதான். வசந்தகால மழை இரவுகளில் அவை சாலையைக் கடக்கும். அப்போது காரில் போனால் ஊர்ந்து போங்கள்.

சாலையும் ஒரு கதை. 1933இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லா இளைஞர்களுக்காகத் தொடங்கிய சிசிசி (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்ற பொதுப்பணிப் படைதான் இந்தப் பூங்காக்களையும் சாலையையும் கட்டியது. மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மணற்கல்லிலும் பைன் மரத்திலும் அவர்கள் கட்டிய குடில்களைத் தீயணைப்பு வீரர்கள் 2011 தீயிலும் காப்பாற்றிவிட்டார்கள். 1997இல் பாஸ்ட்ராப் பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னமானது. அந்தப் பையன்கள் குன்றை வெட்டி நேராக்காமல், நிலம் போன போக்கில் சாலை போட்டதன் பலனைத்தான் இன்று நம் தொடை அனுபவிக்கிறது.

எப்போது போகலாம்? அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. மார்ச் கடைசி என்றால் 71ஆம் சாலை ஓரமெல்லாம் புளூபானட் நீலமாகப் பூத்திருக்கும். கோடையில் 38 டிகிரி சாதாரணம், புழுக்கமும் சேரும். அப்போது விடிந்தவுடன் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். வழியில் கடை கிடையாது, எனவே இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்று டியூப், பம்ப் மூன்றும் கட்டாயம். ஒரு பூங்காவில் கட்டிய நுழைவுக் கட்டணம் அன்றைக்கு மற்றதற்கும் செல்லும். வார இறுதியில் கூட்டம் நிறைந்தால் வாயிலை மூடிவிடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் காய்ந்த சருகைக் குறைக்கப் பூங்காத் துறையே தீ வைக்கும் நாட்கள் உண்டு. பூங்கா அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து கிளம்புவது? பலர் பாஸ்ட்ராப்பில் காரை நிறுத்துவார்கள், ஊரும் சாப்பாடும் அங்கே இருப்பதால். நான் பிஷரைச் சொல்வேன். காலை வெயில் ஏறுமுன் திறந்த பகுதியைக் கடந்து திரும்பிவிடலாம், களைத்த கடைசி மைல்கள் நிழலில் முடியும். உங்கள் குடும்பத்துக்கும் அதுவே வசதி.

மனைவி நன்றாக ஓட்டுவார், கியர் பழக்கம் உண்டு என்றால் தாராளமாக வரலாம். பாதியில் திரும்பினாலும் நஷ்டமில்லை. ஒன்பது வயதுப் பையனை 1சி சாலைக்குக் கூட்டிப்போக வேண்டாம். மிதிக்கும் பலத்தைவிட அந்த இறக்க வளைவுகளில் பிரேக் பிடிக்கும் நிதானம்தான் அந்த வயதில் போதாது. பிஷரில் சின்ன ஏரி இருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் கரையிலிருந்து மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை. நீங்கள் ஓட்டிவிட்டு வரும்வரை அம்மாவும் மகனும் தூண்டிலோடு உட்காரலாம்.

அவன் ஓட்டிப் பழக ஆஸ்டினின் தெற்கே 'வெலோவே' இருக்கிறது. சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் மட்டுமான 5 கி.மீ. சுற்றுப்பாதை. கார் கிடையாது, நடப்பவர்களுக்கும் அனுமதியில்லை, எல்லோரும் ஒரே திசையில்தான் ஓட்ட வேண்டும். அதிலும் ஒரு சின்ன மேடு உண்டு, கியர் மாற்றக் கற்றுக்கொடுக்க அது போதும். ஹெல்மெட்டை மறக்காதீர்கள், ஆஸ்டின் நகருக்குள் 18 வயதுக்குக் கீழே அது சட்டப்படியே கட்டாயம்.